மூன்றாவது விளக்குக் கம்பம்

எங்கள் பார்கோலா கடற்கரையில் மணல் கிடையாது. அதனால் என்ன? நீளமாக ஒரு நடைபாதை இருக்கிறது. ஒரு பக்கம் பைன் மரங்கள், மறுபக்கம் கடல். கோடை வந்தால் ஊரே அந்தக் கல்தரையில் துண்டை விரித்துப் படுத்துவிடும். காய்ந்த கல்லின் சூடு முதுகில் ஏறும்போது, உலகத்தில் இதைவிட நல்ல இடம் இருக்க முடியாது என்று தோன்றும்.

யாருக்கு எந்த இடம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது விளக்குக் கம்பத்தின் அடி நீவெஸுடையது.

அவளுக்குப் பத்து வயது. அவளுடைய அப்பா பயணிகள் படகு ஓட்டுகிறார். கோடையில் அவள் எழுவதற்குள் கிளம்பிவிடுவார். திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். பகலில் படகு அந்தப் பக்கமாகப் போகும்போது, அப்பா மூன்றாவது கம்பத்தைப் பார்ப்பார். நீவெஸ் எழுந்து கையாட்டுவாள். அப்பா ஒரு தடவை சங்கு ஊதுவார். கோடை முழுக்க அவர்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

விடுமுறையின் முதல் நாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள் நீவெஸ். கம்பத்தடியில் ஒரு பையன் குப்புறப் படுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இது என் இடம்," என்றாள் நீவெஸ்.

பையன் தரையைப் பார்த்தான். கம்பத்தைப் பார்த்தான். "பேரு ஒண்ணும் போடலையே?"

அடுத்த துண்டில் செர்ஜோ மாமாவோடு சீட்டாடிக்கொண்டிருந்த வாண்டா அத்தை தலையைத் தூக்கினார். "எந்த ஊருப்பா நீ?"

"ஃபெராரா. போன வாரம்தான் இங்க குடிவந்தோம்."

"அதானே பாத்தேன். கடலே இல்லாத ஊரு. குளிக்கிற தொட்டிக்குப் பக்கத்துல துண்டு விரிச்சுப் படுப்பாங்க போல," என்றார் அத்தை. "சுருட்டுப்பா. அந்தப் பொண்ணு நடக்கப் பழகினதே அங்கதான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பையனின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எழுந்திரு எத்தோரே. தெரியாம உக்காந்துட்டோம்."

எத்தோரே துண்டைச் சுருட்டினான். "இங்கேருந்து கடல் முழுசா தெரிஞ்சுது. அதான்," என்று மெதுவாகச் சொன்னான்.

நீவெஸுக்கு இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான் வர வேண்டும். ஆனால் வரவில்லை. தன் கடலைத் தன்னைப் போலவே பார்த்தவன் அவன். அவனைக் கிளப்பிவிட்டு, அதே இடத்தில் நின்று அப்பாவுக்கு எப்படிக் கையாட்டுவது? வேறு இடத்துக்குப் போனாலோ, இத்தனை கூட்டத்தில் அப்பா அவளை எங்கே தேடுவார்?

தூரத்தில் படகின் வெள்ளைக் கூரை தெரிந்தது.

"சுருட்டாத," என்றாள் எத்தோரேயிடம். பிறகு திரும்பினாள். "அத்தை, கொஞ்சம் தள்ளிப் படுங்களேன்."

"நானா? என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே நான் இங்கதான்."

"அதான் உங்க கல்லு தேஞ்சுபோச்சு. அந்தப் பக்கத்துக் கல்லு இன்னும் புதுசா இருக்கு பாருங்க."

செர்ஜோ மாமா சீட்டுகளால் வாயை மறைத்துக்கொண்டார். அத்தை அவரை முறைத்தார். "என்ன சிரிப்பு? நீதான் மொதல்ல நகரணும்."

அவர் நகர்ந்தார். அவருக்கு அடுத்தவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். ஐஸ்கிரீம் வண்டி வரைக்கும் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போயின. கடைசியில் வாண்டா அத்தையும் முனகிக்கொண்டே நகர்ந்தார். கம்பத்தடியில் இன்னொரு துண்டுக்கு இடம் பிறந்தது.

எத்தோரேயின் அம்மா பழக் கிண்ணத்தை நீட்டினார். அத்தை ஒரு பழத்துண்டை எடுத்து மென்றார். "பரவால்ல. ஃபெராராக்காரங்களுக்குப் பழம் வாங்கத் தெரியுது."

நீவெஸ் எத்தோரேயின் கையைப் பிடித்து எழுப்பினாள். "எங்கப்பா வர்றாரு. கையாட்டு."

"அவருக்கு என்னைத் தெரியாதே?"

"இனிமே தெரியும்."

இருவரும் கையாட்டினார்கள். படகு நேர் எதிரே வந்தது. சங்கு ஊதியது. நீவெஸ் சிரித்தபடி கையை இறக்கினாள். எத்தோரே மட்டும் இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

கொஞ்ச தூரம் போன பிறகு, படகு இன்னொரு தடவையும் ஊதியது.