தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம்

புறப்பட்டு முக்கால் மணி நேரம் ஆனபோது, காலியாக இருந்த டிரெய்லருக்குள் யாரோ தட்டும் சத்தம் கேட்டது.

அவன் ஜீப்பின் வேகத்தைக் குறைத்தான். மழை முன்கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. வைப்பர் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் தேய்ந்த ரப்பர் கீச்சிட்டது, சக்கரங்கள் தண்ணீரைக் கிழித்துச் சீறின, பின்னால் கொக்கியில் மாட்டிய வீட்டு டிரெய்லர் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் இரும்பு முனகியது. இந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், தகரத்தில் உள்ளங்கை படுவது போல, அவசரமே இல்லாமல், டப், டப், டப். ஒவ்வொரு தட்டின் கடைசியிலும் மோதிரம் உரசுவது போல ஒரு மெல்லிய உலோக ஒலி.

"அலமாரிக் கதவு ஏதோ தெறந்துக்கிச்சு போல, மாப்பிள்ளை. ஓரமா நிறுத்துங்க, பாத்துடலாம்" என்றார் பக்கத்தில் இருந்த மச்சான்.

மச்சான் அவனுடைய மனைவியின் அண்ணன். இருபது வருடமாக லாரி ஓட்டுபவர். மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. டிரெய்லரை விற்றாயிற்று. வாங்கியவர் நாளைக் காலை ஊருக்கு வெளியே இருக்கும் வண்டி ஷெட்டில் வந்து எடுத்துக்கொள்வார். இன்று அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தனியாகப் போக வேண்டாம் என்று மச்சான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

அவன் இறங்கி டிரெய்லரின் பக்கக் கதவைத் திறந்தான். ஏழு மாத அடைப்பின் வாசனை முகத்தில் அடித்தது. ஈர மெத்தை, பழைய சமையல் கேஸ், அவளுடைய ஷாம்பு. ஓட்டத்தில் அலமாரிகள் திறந்துகொள்ளாமல் இருக்க அவள் தன் தலைமுடி ரப்பர் பேண்டுகளைக் கைப்பிடிகளில் மாட்டி வைப்பாள். பச்சை, சிவப்பு, கறுப்பு. எல்லாம் மாட்டினபடியே இருந்தன. கறுப்பில் இரண்டு முடிகள் சிக்கியிருந்தன. எதுவும் திறந்திருக்கவில்லை.

பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. ஏழு மாதமாக அவன் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை.

"என்ன?" என்றார் மச்சான்.

"ஒண்ணுமில்ல."

மீண்டும் கிளம்பினார்கள். சத்தம் இல்லை. மச்சான் கால்களை நீட்டிக்கொண்டார்.

"அவ சொல்லுவா, தெரியுமா? ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத மனுஷன் வீட்டையே இழுத்துக்கிட்டு ஊர் சுத்தறாரு அண்ணேன்னு." சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அது உண்மைதான். அவனுக்கு டிரெய்லரைப் பின்னால் எடுக்க வராது. அவள்தான் பின்னால் நின்று வழி சொல்வாள். கத்தினால் காற்றில் கேட்காது, அவளுக்குக் கத்தவும் பிடிக்காது. அதனால் அவன் ஒரு விதி வைத்தான். அவள் டிரெய்லரின் பின்தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம். தட்டுவதை நிறுத்தினால் நிற்க வேண்டும். கெட்டிக்காரத்தனமான விதி என்று அப்போது பெருமையாக இருந்தது. உன் கை வலித்து நிறுத்தினால்கூட வண்டி நின்றுவிடும், பார் என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு" என்றார் மச்சான். "அன்னிக்கு அவ தட்டிக்கிட்டேதான் இருந்தா, இல்ல?"

"ஆமா."

"நிறுத்தவே இல்ல."

"இல்ல."

"அதத்தான் நானும் ஸ்டேஷன்ல சொன்னேன். அம்மாகிட்டயும் சொன்னேன். மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லன்னு." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். "என்னன்னா, எங்க லாரித் தொழில்ல தட்டினா நிறுத்துன்னு அர்த்தம். எங்க அப்பா வண்டியில சின்னப் புள்ளையிலேருந்து அவளும் அதைத்தான் பாத்து வளந்தா. நீங்க அதைத் தலைகீழா வெச்சுக்கிட்டீங்க. அதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு."

 அவன் வைப்பரை வேகமாக்கினான்.

உண்மையில் அன்று தட்டும் சத்தம் நின்றது.

முகாம் போட்ட இடத்தில், இப்படி ஒரு மழையில். காலையிலிருந்து சண்டை. அவளுக்குச் சளி, வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவன் இன்னும் ஒரு நாள் என்றான். பாறையை ஒட்டி டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்த, அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாறைக்கும் டிரெய்லருக்கும் நடுவில் போனாள். தட்டினாள். அவன் வந்தான். பிறகு சத்தம் நின்றது. அவனுக்குத் தெளிவாகக் கேட்டது, அந்த நிசப்தம். கோபத்தில் வேண்டுமென்றே நிறுத்துகிறாள் என்று நினைத்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு மறுபடியும் தட்டல், வேகமாக, இரண்டு கைகளாலும். சரி, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தான்.

இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

அந்த மூன்று எண்ணிக்கையை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள் என்றான். எல்லோரும் நம்பினார்கள். அதிகமாக நம்பியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இன்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வண்டியை நிறுத்திவிட்டு. திரும்பும் வழியில்.

பின்னால் மறுபடி டப், டப், டப். மச்சான் கண்ணை மூடியிருந்தார்.

ஷெட் வாசலில் காவல்காரர் குடையோடு வந்து கேட்டைத் திறந்தார். "கடைசி ஷெட். உள்ள மூணு பக்கமும் சுவரு. எடம் டைட்டு, பாத்து விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்கு ஓடினார்.

அவன் ஜீப்பைத் திருப்பி, டிரெய்லரின் பின்பக்கத்தை ஷெட்டின் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தான். ரிவர்ஸ் கியரில் கை வைத்தான். கியர் விழவில்லை. மறுபடி வைத்தான். கியர் கடகடவென்று அரைத்தது.

"இறங்குங்க, நான் போடறேன்" என்றார் மச்சான். குரலில் கனிவு இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க உள்ள நின்னு சொல்லுங்க. இந்த மழைக்குக் கத்தினா என் காதுல விழாது. உங்க கணக்குப்படியே தட்டுங்க."

"வேணாம் மச்சான்."

"அட, வேற என்ன வழி? வேகமா தட்டினா வேகமா வரணுமா?"

"இல்ல. தட்டற வரைக்கும் வாங்க. அவ்வளவுதான்."

"நிறுத்தினா நிக்கணும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்" என்றார் மச்சான்.

அவன் நனைந்துகொண்டே ஷெட்டுக்குள் போனான். ஈர சிமென்ட் வாசனை, பழைய டீசல் வாசனை. தகரக் கூரையில் மழை இரைச்சலாக விழுந்தது. பின்சுவரில் முதுகை வைத்துத் திரும்பினான். வேறு வழியில்லாமல் இப்போது அதைப் பார்த்தான். டிரெய்லரின் பின்தகரம். அவன் நெஞ்சு உயரத்தில் உள்வாங்கிய ஒரு குழிவு. வழி முழுதும் சக்கரம் வாரி அடித்த சேறு அதன்மேல் படிந்திருந்தது.

முன்னால் போய்த் தட்டினான். டிரெய்லர் அசைந்தது. வந்தது. அவன் பின்வாங்கிக்கொண்டே தட்டினான். அது ஷெட்டின் வாய்க்குள் நுழைந்ததும் வெளிச்சம் போனது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான் மிச்சம். அந்தச் சாண் அகலத்தில் மழை வெள்ளையாகத் தெரிந்தது.

போதும். இன்னும் நாலடி இருக்கிறது.

அவன் தட்டுவதை நிறுத்தினான்.

டப். டப். டப்.

கையைப் பார்த்தான். இரண்டு கைகளும் நெஞ்சோடு ஒட்டியிருந்தன.

டப். டப். தகரத்தில் ஒரு அதிர்வு. கடைசியில் அந்த உலோக ஒலி. அந்த மோதிரம் அவள் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அவனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

டிரெய்லர் வந்தது.

"மச்சான்!"

கூரை அந்தக் குரலை விழுங்கியது.

"மச்சான், நிறுத்துங்க!"

பின்விளக்கு சிவக்கவில்லை. மூன்றடி. இடது சாணில் தோளை நுழைத்தான். போகவில்லை. வலது சாண். போகவில்லை. குனிந்தான். தகரம் தரையை உரசாத குறை.

"அன்னிக்கு நின்னுச்சு!" என்று கத்தினான். "அவ நிறுத்தினா! எனக்குக் கேட்டுச்சு! மச்சான், எனக்குக் கேட்டுச்சு!"

யாருக்கும் கேட்கவில்லை. மழை.

இரண்டடி.

குழிவுக்கு நடுவில், சேற்றில், ஒரு சிறிய இடது உள்ளங்கை பதிந்தது. எடுபட்டது. பதிந்தது. மோதிர விரலின் அடியில் ஒரு கோடு. அவசரமே இல்லை.

சுவர் முதுகில் குளிர்ந்தது.

தட்டக் கூடாது. தெரியும். தட்டினால் வரும். விதி வைத்தவனே அவன்தான். கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். ஒன்று. இரண்டு.

தகரம் நெஞ்சைத் தொட்டது.

கைகள் தாமாகவே எழுந்தன. தட்டின. இரண்டும். வேகமாக. வெறியோடு.

சேற்றில் அந்தச் சிறிய கை நின்றுவிட்டது.

இப்போது தட்டுவது அவன் மட்டும்தான். அவனால் நிறுத்த முடியவில்லை. டிரெய்லர் வந்துகொண்டிருந்தது.