கூரைக்குள் ஓடிய நூல்

“கூரையைப் பிரிச்சுத்தான் ஆகணுமா?” டிரைவர் மாமாவின் முகம் தொங்கிப்போனது.

பள்ளி பஸ்ஸின் பின்பக்கம் புதுக் கேமரா பொருத்தியிருந்தார்கள். பின்னால் குட்டிப் பிள்ளைகள் நின்றால் டிரைவருக்குத் திரையில் தெரிய வேண்டும். ஆனால் படம் திக்கித் திணறி வந்தது.

“பழைய வயர் ஒத்தையடிப் பாதை மாதிரி,” என்றார் அம்மா. அந்த பஸ்ஸுக்கு வயரிங் செய்தவர் அவர்தான். “விளக்குக்குச் சேதி சொல்ல அது போதும். படம்னா பெருங்கூட்டமே ஓடணும். புது கேபிள்தான் போடணும்.”

“அதுக்குத்தானே கூரைக்குள்ள காலிக் குழாய் வச்சிருக்கே?” என்றாள் மகள். அவளுடைய சேட்டையைப் பார்த்து எல்லோரும் அவளை வாலு என்றே கூப்பிடுவார்கள்.

“வச்சேன். இழுக்கிறதுக்கு உள்ள ஒரு கயிறு விட மறந்துட்டேனே!” அம்மா தலையில் தட்டிக்கொண்டார். கேபிளைத் தள்ளிப் பார்த்தார். அது வளைவில் முட்டி நின்றது.

“கூரையைப் பிரிச்சா ஒரு வாரம் பஸ் ஓடாது. பிள்ளைங்க நடந்தே போகணும்,” என்றார் மாமா.

வாலு யோசித்தாள். தள்ளினால் முட்டுகிறது. இழுத்தால்?

இருக்கைகளைச் சுத்தம் செய்யும் தூசி உறிஞ்சும் மெஷின் மூலையில் இருந்தது. வாலு பஞ்சைச் சிறிதாக உருட்டி, நீளமான தையல் நூலின் நுனியில் கட்டினாள். அதைக் குழாயின் முன்வாயில் வைத்தாள். பின்வாயில் அம்மா மெஷினை வைத்து ஓடவிட்டார்.

சர்ர்ர்!

பஞ்சு பாய்ந்தது. பின்னாலேயே நூல் முழுவதும் மெஷினின் வயிற்றுக்குள் போய்விட்டது!

“மாமா! மறுநுனியைப் பிடிக்கலையா?”

“பிடிக்கச் சொல்லவே இல்லையே நீ!”

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “காத்து போற வழியில நூலும் போகுது. இன்னொரு தடவை!”

இம்முறை மாமா நுனியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். நூல் பின்பக்கம் எட்டிப் பார்த்தது. நூலில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். கயிற்றில் கேபிளைக் கட்டினார்கள். வாலு அதோடு இன்னொரு கயிற்றையும் சேர்த்துக் கட்டினாள். அம்மா மெல்ல மெல்ல இழுத்தார். கேபிள் வளைவைத் தாண்டி வந்துவிட்டது!

திரை மின்னியது. பஸ்ஸுக்குப் பின்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற வாலு பளிச்சென்று தெரிந்தாள்.

“ஓட்டைப் பல்லுகூடத் தெரியுது! நாளைக்கு வண்டி கிளம்பிடும்!” என்று குதித்தார் மாமா. “ஆமா, இந்தக் கயிறு சும்மா தொங்குதே. அறுத்துடவா?”

“ஐயோ, வேணாம்! அடுத்த கேபிள் இழுக்கறவங்களுக்கு அது,” என்றாள் வாலு.

“அதுக்குள்ள பஸ்ஸே பறக்க ஆரம்பிச்சிடும்!”

“பறந்தாலும் பின்னாடி யாரு வர்றாங்கன்னு பாக்கணும்ல?”

அம்மா வந்து, கயிறு உள்ளே நழுவிவிடாதபடி அதன் நுனியில் பெரிய முடிச்சாகப் போட்டார்.