தோற்சுருளில் பென்சில் புள்ளிகள்

வியாழக்கிழமை காலை. ஜெருசலேம் சந்தைக்குப் பின்னால் இருந்த வேதச்சுருள் பழுதுபார்க்கும் கடைக்குள் ஷோத்தா மூச்சிரைக்க நுழைந்தான். யூதத் தொழுகைக்கூடத்துக் காவலாளி அவன். ஜார்ஜியாவிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஐயா, வேதச்சுருள்ல யாரோ பென்சிலால உயிர்க்குறிப் புள்ளி போட்டிருக்காங்க. புள்ளி இல்லாம எனக்குப் படிக்க வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். என்னைத்தான் சொல்றாங்க. நாளைக்கு வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க, வேலையோட குடுத்த வீடும் போயிடும்!"

கடைக்காரர் கம்லியேல், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, நிதானமாக எழுந்தார். அதற்குள் அதே கூடத்தில் தொழும் அவர் மைத்துனன் சாசோன் வாசலில் நின்றான். "வாங்க அத்தான், நேரமாகுது!"

எபிரேய வேதச்சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும். உயிரொலியையும் ராகத்தையும் வாசிப்பவர் மனப்பாடமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குறி வைத்த சுருள் சபைக்கு ஆகாது.

கூடத்தில் நிர்வாகி எஸ்ரா கொதித்துக்கொண்டிருந்தார். "சுருள் பெட்டிச் சாவி ரெண்டுதான். ஒன்னு இவன்கிட்ட, இன்னொன்னு ரஹமீம்கிட்ட. முப்பத்தோரு வருஷமா வாசிக்கிற மனுஷனயா சந்தேகப்படச் சொல்றீங்க?"

ரஹமீம் தொழுகைச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கம்லியேல் பூதக்கண்ணாடியைச் சுருள்மேல் நகர்த்தினார்.

"குறி இருக்கிறது இந்த வாரம் வாசிக்கப்போற பகுதியில மட்டும். சாசோன், எழுத்துக்கு மேல வளைஞ்சிருக்கே, இது என்ன?"

"ராகக்குறி! ஆனா அத்தான், அதையும் ஷோத்தா புத்தகத்தப் பார்த்து எழுதிடலாமே?"

"எழுதலாம். எதுக்கு? படிச்சுப் பழக, புள்ளி போட்ட புத்தகம் அந்த அலமாரி நிறைய இருக்கு. சுருள்லயே குறி வேணும்னா, சனிக்கிழமை சபை முன்னால சுருளப் பார்த்துப் பாடியே தீரவேண்டிய ஒருத்தருக்குத்தான் வேணும்."

எஸ்ரா மெல்ல ரஹமீம் பக்கம் திரும்பினார்.

"நான்தான்," என்றார் ரஹமீம். "எழுத்து தெரியுது, அதோட சத்தம் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. போன வாரம் நாலு தடவ தப்பு விட்டேன். நாலு தடவையும் கூட்டமே கத்தித் திருத்துச்சு. ஷோத்தா, உன்மேல பழி விழுந்தப்பவும் வாயத் திறக்கலப்பா. மன்னிச்சிடு." சாவியை எஸ்ராவிடம் கொடுத்துவிட்டுச் சால்வையை மடிக்க ஆரம்பித்தார்.

ஷோத்தா அழுதேவிட்டான்.

வெளியே வந்ததும் கம்லியேல் கேட்டார்: "என்ன மாப்ள, வாயே காணோம்?"

தப்பைக் கண்டால் உரக்கத் திருத்துவது சபையின் கடமை. போன வாரம் நாலு தடவையும் முதலில் கத்தியது சாசோன்தான். அதுவும் சிரித்துக்கொண்டே.