கிட்டங்கிக்காரரின் வீங்கிய கால்

"ஐயா, எங்கட வீட்டில ஆரோ நஞ்சு வைக்கினம்."

இன்பமலர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஞானசேகரம் பேப்பரை மடித்து வைத்தார். ஓர்ஸ் ஹில் பகுதியில் எது களவு போனாலும் பொலிசுக்கு முன்பு அவரிடம்தான் சனம் வரும். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த கூலிக்கார் சாரதி ஜவாஹிர், ஈரத்துணியோடு உள்ளே வந்துவிட்டார்.

"ஆருக்கு?"

"அப்பாவுக்கு."

அவளுடைய அப்பா மைக்கல் முப்பது வருஷம் துறைமுகக் கிட்டங்கியில் மா சாக்குகளைக் காத்தவர், எலிகளோடு மல்லுக்கட்டியவர். ஐந்து கிழமைக்கு முன்பு கொழும்பில் அவருக்கு இடது இடுப்புக்குப் புது மூட்டு வைத்தார்கள். படுக்கையில் கிடக்கும் காலில் இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எழுதினார்கள்.

"நேற்றிலிருந்து கால் பூசணிக்காய் மாதிரி ஐயா. கெண்டைக்கால் கொதிக்குது. அப்பாட யன்னலுக்குக் கீழ மூண்டு எலி செத்துக் கிடக்குது. வீட்டில சமைக்கிறது அண்ணாட பெண்சாதி ஐவி மச்சாள். நான் வேற என்னத்தை நினைக்க?"

"கையும் மெய்யுமாப் பிடிப்பம்!" என்றார் ஜவாஹிர்.

"காலை ஆரும் உருவினதா?" என்று கேட்டார் ஞானசேகரம்.

"மச்சாள் எண்ணெயோட வந்தவ. நான் விடேல்ல."

"நல்லது. உருவவே கூடாது. ஜவாஹிர், காரை எடும். உறைஞ்ச இரத்தக்கட்டி காலை விட்டு நெஞ்சுக்கு ஏறினால் ஆளில்லை. போய்க்கொண்டே கதைப்பம்."

கார் துறைமுகப் பக்கமாக இறங்கியது.

"குளிசை ஆரின்ர பொறுப்பு?"

"என்ர. அலுமாரியில பூட்டி வைச்சிருக்கிறன். பின்னேரத்தில நானே அப்பாட கையில குடுத்திட்டு, விளக்கேத்தப் போவன்."

"இரத்தம் சோதிச்சவையா?"

"கிழமைக்கு ஒருக்கா. ரெண்டு தரம் குளிசையைக் கூட்டினவை. இரத்தம் இளகவே இல்லையாம்."

"சாப்பாட்டில புதுசா ஏதும் கேக்கிறாரோ?"

"தேங்காய்ச் சொட்டு, துண்டு துண்டா. ஒரு பல்லுமில்லை, சூப்பிறாராம்."

"பல்லுப் போன எங்கட வாப்பாவுக்கு மெத்தெண்ட வட்டிலப்பமே கடினம்!" என்று ஜவாஹிர் சிரித்தார். ஞானசேகரம் சிரிக்கவில்லை.

வீட்டில் ஐவி கதவோரம் நின்றாள். இன்பமலர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த மைக்கல், மகள் கிட்ட வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஞானசேகரம் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எலி செத்தது நஞ்சாலதான். ஐவி வைச்ச நஞ்சில்லை. பிள்ளை, நீ குடுத்த குளிசை."

இன்பமலர் அலுமாரிப் பக்கம் திரும்பினாள். "குளிசையா?"

"வார்ஃபரின். எலிக்கு வைக்கிறதும் அதே சரக்குத்தான். இரத்தத்தை உறைய விடாது. எலிக்கு அளவு மீறி, உள்ளுக்குள்ள இரத்தம் கசிஞ்சு சாகும். மனிசருக்கு அளந்து குடுத்தால் உயிரைக் காக்கும். அந்த அளவுக்குத்தான் கிழமைக்குக் கிழமை சோதனை. ரெண்டு தரம் கூட்டியும் இரத்தம் இளகேல்லையெண்டால் குளிசை வயித்துக்குப் போகேல்ல. அலுமாரிக்குப் பூட்டு. உன்ர கைக்குப் பிறகு அது ஒரேயொரு கைக்குத்தான் போகுது. பல்லில்லாத மனிசனுக்குத் தேங்காய் எதுக்கு? எலிக்கு மருந்து வைச்சுப் பழகினவர் அதைத் தேங்காயிலதான் வைப்பார்."

அவர் கட்டில் பக்கம் திரும்பினார். "குளிசைப் போத்தலில பேரை வாசிச்சனீங்கள், என்ன?"

மைக்கல் கண்ணைத் திறந்தார். "முப்பது வருஷமா எலிமருந்து டின்னில வாசிச்ச பேர். எண்டாலும் நம்பேலாமல் யன்னலால எலிக்குப் போட்டுப் பாத்தன். செத்துது."

"அப்ப ஏன் வாயைத் திறக்கேல்ல அப்பா? பொலிசுக்குச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் உன்னையெல்லோ கொண்டுபோவாங்கள்."

ஐந்து கிழமையாக இந்த மனிதர் தன்னிடம் நஞ்சு என்று நினைத்தே கை நீட்டியிருக்கிறார் என்பது இன்பமலருக்கு மெல்லத்தான் ஏறியது.

"நான் உங்களை ஏன் கொல்லப் போறன்?"

"தெரியாது பிள்ளை. அதைத்தான் படுத்துக்கிடந்து யோசிச்சனான்."

ஐவி படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். "மச்சாள், நீங்கள் ஐயாட்டப் போனது என்னைச் சொல்லத்தானே?"

இன்பமலர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஓம்."

"அதைப் பிறகு கதைப்பம். இப்ப மாமாவைக் காருக்குத் தூக்குவம், மற்ற முனையைப் பிடியுங்கோ. மெதுவா."

ஜவாஹிர் அன்று காரின் கோர்ன் அடித்த அடியில் மாடுகள்கூட விலகின. ஆஸ்பத்திரியில் உடனே ஊசி ஏற்றினார்கள். நாலாம் நாள் வீக்கம் வற்றத் தொடங்கியது. டொக்டர் மறுபடியும் அதே குளிசையை எழுதினார்.

தாதி கொண்டுவந்ததை மைக்கல் வாங்கவில்லை. "வெளியில நிக்கிறாள். அவளை வரச் சொல்லுங்கோ."

நாலு நாளாக வராந்தாவிலேயே இருந்தவள் உள்ளே வந்தாள். குளிசையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். மைக்கல் ஒரே மிடறில் விழுங்கிவிட்டு, வாயை அகலத் திறந்து காட்டினார்.

"நாக்கையும் தூக்குங்கோ" என்றாள் இன்பமலர்.