ராஜா சட்டைக்குப் பொத்தான்

பேருந்தில் தம்பியின் அழுகையை நிறுத்த அக்கா ஒரு பொய் சொன்னாள்.

“கோட்டையில ராஜா இருப்பார். சமத்துப் பிள்ளைங்களைத்தான் உள்ளே விடுவார்.”

தம்பிக்கு ஐந்து வயது. அப்படியே நம்பிவிட்டான்.

கடற்கரைக் கோட்டைக்கு வந்ததும் கூட வந்த அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே நுழைந்ததும் தம்பி கால்சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தான். உள்ளே ஐந்து தங்கநிறப் பொத்தான்கள். அப்பாவின் தையல் கடையில் மேசைக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து சேர்த்தவை.

“ராஜா சட்டைக்கு” என்றான்.

அக்காவுக்குப் பக்கென்றது.

அவன் ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தான். “குளிக்கப் போயிருப்பாரோ?” என்று சன்னல் வழியே கடலையும் பார்த்தான். அலையில் நின்றிருந்த ஒருவர் மட்டும் பெரிய மீசையும் தொப்பையுமாகக் கொஞ்சம் கம்பீரமாக இருந்தார்.

“அவரா?”

“இல்லடா. ராஜா ஊருக்குப் போயிருப்பார்.”

“வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்” என்று தம்பி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

இனி மழுப்ப முடியாது. அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ராஜா ரொம்ப காலத்துக்கு முன்னாடி இருந்தார்டா. இப்ப இல்ல. நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

தம்பியின் உதடு பிதுங்கியது. ஆனால் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது.

“அப்ப இவ்வளவு பெரிய வீட்டை யாரு பாத்துக்குறாங்க?”

மண்டபத்தின் மறுகோடியில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. ஓர் அம்மா, காற்று கொண்டுவந்து கொட்டிய கடல்மணலைக் கூட்டி வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். அவர் புடவைக்கு மேல் போட்டிருந்த காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை. இரண்டு ஊக்குகள்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.

தையற்காரர் மகளின் கண்ணுக்கு அது தப்புமா? தம்பியின் காதில் ஏதோ சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்தான்.

“சரி. ஆனா நான்தான் குடுப்பேன்.”

எழுந்து போய் அவர் முன்னால் நின்றான். “அத்தை, நீங்கதான் ராஜா வீட்டைப் பாத்துக்குறீங்களா?”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “ஆமா கண்ணு. நான் பெருக்குவேன், காத்து திரும்பக் கொட்டும். எங்க ரெண்டு பேருக்கும் லீவே கிடையாது.”

தம்பி தீப்பெட்டியை நீட்டினான். திறந்து பார்த்தவர் சட்டென்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் பொத்தான்களைத் தொட்டார்.

வாசலில் நின்ற அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஊசிநூல் இருக்கும். அக்கா ஓடிப்போய் வாங்கி வந்தாள். கல்படியில் உட்கார்ந்து, அந்த அம்மா கழற்றிக் கொடுத்த சட்டையில் ஒவ்வொன்றாகத் தைத்தாள். தம்பி நூலை எச்சில் தொட்டுக் கோத்துக் கொடுத்தான். மூன்று முறை தவறி, நான்காவது முறைதான் நுழைந்தது.

அந்த அம்மா சட்டையை மாட்டி, அந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டார்.

“வாங்க, மணலைக் கொண்டுபோய்க் கடல்கிட்டயே குடுத்துடுவோம்.”

தம்பி வாளியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். கரையில் மணலைக் கொட்டிவிட்டுக் காற்றைப் பார்த்து விரலை ஆட்டினான்.

“அத்தை இப்பதான் பெருக்கியிருக்காங்க. இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இரு.”