பச்சைக் கழுத்துகள்

விமான இறக்கைத் தொட்டியின் துவாரத்திலிருந்து தலையை வெளியே நீட்டும்போதே ஜெபக்கனியின் கழுத்துப் பட்டையில் சிவப்பு எரிந்தது. கீழே நின்ற ஆட்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"எதுக்குத் திரும்புதிய? நல்லாப் பாருங்க. செவப்புதான்" என்றாள், முகமூடியைக் கழற்றிக்கொண்டே.

விமானத்தின் இறக்கைக்குள்தான் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. நாய் நுழையவே யோசிக்கும் இடம். மல்லாந்தும் குப்புறவும் ஊர்ந்து, விலா எலும்பு தகரத்தில் உரச, குழாய்க்குக் குழாய் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஊர்கண் என்ற புழு இயந்திரம் முன்னால் போய்ப் படம் எடுத்துத் தரும். ஆனால் ரப்பரைக் கிள்ளிப் பார்க்க அதற்கு நகம் கிடையாது. ஜெபக்கனிக்கு இருந்தது. குழாய்கள் சேரும் மூட்டிலிருந்து அவள் கழற்றி வந்த ரப்பர் வளையத்தைக் கிள்ளியபோது, காய்ந்த சுண்டைக்காய் போல அது வெடித்துக் கோடு விட்டது. புது வளையம். போட்டு ஒரு மழைகூடப் பார்க்காதது.

மேலாளர் தயாளன் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடி வந்தான்.

"அக்கா, முதல்ல தண்ணி குடிங்க. களைச்சுப் போய் வந்திருக்கீங்க."

இந்தச் சர்க்கரைப் பேச்சுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பும். முன்பெல்லாம் மேலாளர்கள் ஆத்தாளையும் அப்பனையும் இழுத்துத் திட்டுவார்கள். திருப்பித் திட்டினால் கணக்கு சரியாகிவிடும். ஐயமானி வந்த பிறகு திட்டு ஒழிந்தது. திட்டினால் மனது கலங்கும், கலங்கினால் கழுத்து சிவக்கும்.

ஐயமானி என்பது கழுத்தில் மாட்டும் ஒரு பட்டை. தொழிலாளர்கள் அதைக் கம்பெனி கட்டின தாலி என்பார்கள். தொண்டை நரம்பின் துடிப்பையும் வியர்வையையும் மூச்சையும் சேர்த்துப் படித்து, மாட்டியிருப்பவர் தான் சொல்வதைத் தானே நம்புகிறாரா என்று அது காட்டிவிடும். நம்பினால் பச்சை, சந்தேகம் இருந்தால் சிவப்பு. மாத்திரை போட்டு அதை ஏமாற்ற முடியாது, பொய்யும் பலிக்காது. சோதித்தவரின் கழுத்து பச்சையாக எரியும்போது போட்ட கையெழுத்துதான் செல்லும். சக்கரம் தரையை விடும்வரை அந்தப் பச்சை மாறவும் கூடாது. மாறினால் இயந்திரங்கள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். மிரட்டிக் கையெழுத்து வாங்கிப் பறக்கவிட்ட விமானங்கள் அடுத்தடுத்து விழுந்து ஊர் கொதித்தபோது வந்த சட்டம் அது.

வந்த புதிதில் ஜெபக்கனி கழுத்துப் பட்டைக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். இனி எந்தக் கொம்பனும் நம்மை மிரட்டிக் கையெழுத்து வாங்க முடியாது என்று விமானக் கொட்டகை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். கம்பெனிக்காரன் மூளையை அவள் குறைவாக எடைபோட்டிருந்தாள். விமானத்தைச் சரி செய்வதைவிட, பார்க்கிற ஆளைச் சரி செய்வது மலிவு என்று அவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அழுத்தச் சோதனையில ஒரு சொட்டு கசியலையே அக்கா" என்றான் தயாளன்.

"இங்க கசியாது. தூத்துக்குடி வெயில்ல ரப்பரு எளகி நிக்கி. மேல போனா எண்ணெ பனிக்கட்டியாட்டம் குளுந்துரும். இது சுருங்கும். சுருங்குனா இடுக்கு விழும். பக்கத்துல இஞ்சின் கொதிச்சிக்கிட்டுக் கெடக்கும். இன்னும் வெளக்கணுமா?"

"கசியும்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் என்னக்கா?"

"கசியாதுன்னும் சொல்ல முடியலயே. அதான எரியுது. என்கிட்ட ஏன் கேக்கிய, கழுத்தக் கேளுங்க. வேற வளையம் போட்டுட்டுக் கூப்பிடுங்க."

தயாளன் குரலைத் தாழ்த்தினான். "கிடங்குல உள்ளது எல்லாமே அதே சரக்குதான். நல்லது வெளிநாட்டுல இருந்து வரணும். அதுவரை விமானத்தை நிறுத்தி வைக்க முடியுமா? முந்நூறு பேர் காத்திட்டிருக்காங்க. வளைகுடா சூரியப் பண்ணைக்குக் கூலிக்குப் போற சனங்க. பாவம்லா?"

"பாவம்னா கொல்லாதிய."

அவளைத் தெளிவறைக்கு அனுப்பினார்கள். சந்தேகம் தீராத ஆட்களைத் தேற்றுவதற்காகக் கம்பெனி கட்டிய குளுகுளு அறை அது. மல்லிகை வாசனை, புல்லாங்குழல் இசை, காலுக்கு மெத்தை. தேற்றும் பெண் கண்களை மூடச் சொன்னாள்.

"உங்க பயத்தை ஒரு பலூனுக்குள்ள வச்சுக் கட்டுங்கம்மா. கட்டியாச்சா? இப்ப அதை மெதுவா வானத்துல விடுங்க."

"பலூன்ல ஓட்டை இருக்கான்னு பாத்தியா தாயி?"

 அந்தப் பெண்ணின் கழுத்திலும் ஒரு பட்டை இருந்தது. அது ஒரு கணம் சிவந்து அடங்கியது. ஜெபக்கனி மெத்தையை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

அதற்குள் கம்பெனி பச்சை ஆளைக் கொண்டுவந்துவிட்டது. எதையும் சந்தேகப்படாத இப்படிப்பட்ட ஆட்களுக்கென்றே தனி ஆள்சேர்ப்பு நடக்கும். விமானம் பற்றி எதுவும் தெரிந்திருக்கக் கூடாது என்பது முதல் தகுதி. தொட்டிக்குள் நுழைய விடமாட்டார்கள். கண்ணாடி வழியாக ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள், படிவத்தை நீட்டுவார்கள், கழுத்து பச்சையாக எரியும், வேலை முடிந்தது. சிவப்பு ஆட்கள் அவர்களிடம் வாய் திறந்தால் ஐயம் பரப்பிய குற்றம். அதற்கு ஜெயில்.

இன்றைய பச்சை ஆள் சொர்ணப்பாண்டி. ஐம்பது தாண்டிய முன்னாள் ஆட்டோக்காரர். மூன்று சீட்டுக் கம்பெனியில் ஏமாந்து, நாலாவதிலும் போய்ப் பணம் போட்டவர். நேர்காணலில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள்.

ஜெபக்கனி ஓடுதளத்துக்கு வந்தபோது அவர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். கழுத்து நெற்பயிர் மாதிரிப் பச்சையாக இருந்தது. பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வரிசையாகப் படியேறத் தொடங்கியிருந்தார்கள். ஜெயிலாவது மயிராவது என்று அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள். காவலாளி அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை.

"அண்ணாச்சி, இத ஒரு கிள்ளு கிள்ளிப் பாரும்." வளையத்தை நீட்டினாள்.

சொர்ணப்பாண்டி அதைத் தொடவில்லை. அவளைத்தான் இரக்கமாகப் பார்த்தார். "ஏம்மா, எதுக்கு இப்படி மனசப் போட்டு ஒழப்புத? இம்புட்டுப் படிச்சவங்க பாக்காமலா விடுவாக?"

"உம்ம மவன இதுல ஏத்துவீரா?"

"ஏத்தியாச்சே!" அவர் முகம் மலர்ந்தது. "அந்தா பாரு, நீலச் சட்டை, மேல் படியில நிக்கான். தயாளன் சாருதான் வேலையே வாங்கிக் குடுத்தாரு. தங்கமான மனுசன்."

பச்சை இம்மியும் அசையவில்லை.

ஜெபக்கனிக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. உப்பளத்தில் பாத்தி மிதித்த காலத்தில் கங்காணி எடையில் திருடுவான், எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அவனை உள்ளுக்குள் வைவார்கள். திருடனைக் கும்பிட்டுக்கொண்டே குடும்பத்தை அவன் கையில் கொடுக்கும் மனிதரை அவள் பார்த்ததில்லை. இந்த மாதிரி ஆளைத் தேடிப் பிடித்து, சீருடைக்கு இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? 

தயாளன் வேகமாக வந்து சேர்ந்தான். "அண்ணே, இவங்க பேச்சை மனசுல வச்சுக்காதீங்க."

"நான் எதுக்கு சார் வைக்கேன்?" சொர்ணப்பாண்டி சிரித்தார். அப்புறம் ஏதோ நல்ல யோசனை வந்தவர் போலச் சொன்னார். "ஆமா சார், நீங்களும் கம்பெனிக் கூட்டத்துக்கு வளைகுடாப் பக்கந்தான போணும்னு சொன்னிய? இதுலயே போயிருங்களேன். முன்னால சீட்டு காலியாக் கெடக்காம். பயலுக்கும் ஒரு தொணையாப் போச்சு."

அவர் குரலில் துளிக் குத்தல் கிடையாது. தயாளன் சிரிக்க முயன்றான்.

"இல்லண்ணே. எனக்கு... வீட்ல ஒரு விசேஷம். நான் அப்புறமா வேற விமானத்துல..."

சொல்லும்போது அவன் கண் ஒரு முறை இறக்கைப் பக்கம் போய்த் திரும்பியது. அவ்வளவுதான்.

சொர்ணப்பாண்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. "வேற விமானத்துலயா? ஏன் சார்?"

தயாளன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். சொர்ணப்பாண்டி நம்பியது விமானத்தை அல்ல, இந்த மனிதரை. அது ஜெபக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கழுத்தில் பச்சை நடுங்கியது, மங்கியது, பிறகு ரத்தமாய்ச் சிவந்தது. அபாயச் சங்கு ஊதியது. இயந்திரங்கள் பூட்டிக்கொள்ளும் ஓசை ஓடுதளம் முழுக்கக் கேட்டது.

"ஏலே! எறங்குல! எல்லாவனும் எறங்குங்கல!" என்று அலறிக்கொண்டே அவர் படிக்கட்டை நோக்கி ஓடினார்.

சேதி கேட்டு முதலாளி பரந்தாமன் சென்னையிலிருந்து தன் சொந்த விமானத்தில் பறந்து வந்தார். சோதனைக் கையெழுத்துக்கு உரிமம் உள்ளவன் என்ற முறையில் தயாளனே பட்டையை மாட்டிக் கையெழுத்துப் போடட்டும் என்றார். பேனாவைத் தொடுவதற்கு முன்பே தயாளன் கழுத்து சிவந்தது. அந்த இடத்திலேயே அவனை வேலையை விட்டுத் தூக்கினார். முந்நூறு பேரும் இறக்கையின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள், எழுந்திருக்க மறுத்தார்கள். சொர்ணப்பாண்டி மகன் கையைப் பிடித்தபடி முதல் வரிசையில் இருந்தார். பரந்தாமன் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தார். பிறகு சென்னைக்குத் திரும்பக் கிளம்பினார்.

ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒரு கழுத்து பச்சையாக வேண்டும். முதலாளி விமானத்துக்கும் அதே சட்டம்தான். அவசரத்துக்கு ஒரு புதுப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் கழுத்து ஜொலித்தது.

"உள்ள ஏறிப் பாத்தியா?" என்றார் பரந்தாமன்.

"இல்ல சார். உங்க விமானத்துல என்ன சார் குறை இருக்கப் போவுது?"

பரந்தாமன் அந்தப் பச்சையையே வெறித்துப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த நிறத்தை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை போலும்.

"இவன் வேண்டாம். அந்தச் சிவப்பு அம்மாவைக் கூப்பிடுங்க."

ஜெபக்கனி வந்தாள். முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். பம்பு, குழாய், வடிகட்டி, மூட்டு எதையும் விடவில்லை. கிள்ளிப் பார்த்த வளையங்கள் விரலுக்கடியில் குழந்தையின் காது மடல் போல வளைந்து கொடுத்தன. அசல் சரக்கு. ஆக, நல்ல வளையம் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. இதற்குள் இருக்கிறது. அவள் தொட்டிக்குள் படுத்தபடியே பல்லைக் கடித்தாள்.

வெளியே வந்தபோது கழுத்து சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"என்ன குறை?" பரந்தாமன் பதறினார்.

"ஒரு கொறையும் இல்ல. எல்லாம் முத்து மாதிரி இருக்கு."

"அப்ப ஏன் சிவப்பு?"

"எனக்கும் தெரியல சார். நம்பத்தான் பாக்கேன், வரமாட்டேங்கு. உங்க கம்பெனி பேர எங்க பாத்தாலும் இப்படித்தான் எரியுது. நான் வேணும்னு செய்யல. வேணும்னு செய்ய முடியாதுன்னுதான இந்தப் பட்டையவே மாட்டுனிய?"

"அந்தக் கூலி விமானத்துக்கும் இதே வளையம் வரவழைச்சுத் தர்றேன். சத்தியமா."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். சிவப்பு.

"எழுதித் தர்றேன். முத்திரை போட்டுத் தர்றேன்!"

சிவப்பு இன்னும் அடர்ந்தது. அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு, "வந்து மாட்டட்டும். அப்பவாவது மாறுதான்னு பாப்போம். அதுவரைக்கும் தெளிவறையில போய் இருங்க சார். நல்லா பலூன் விடுதாவ" என்றாள். சொல்லிவிட்டு இறக்கை நிழலில் போய்ச் சனங்களோடு உட்கார்ந்தாள்.

பரந்தாமன் விறுவிறுவென்று போய்க் கம்பெனிக் காரில் ஏறினார். கார் அங்கேயே நின்றது. கண்ணாடி இறங்கியிருந்ததால் பேச்சு நிழல்வரை கேட்டது.

"ரயிலுக்குப் போவலாம் சார்" என்றான் டிரைவர். "விடியக்காலம் சென்னையில எறங்கிரலாம்."

"ரயில் பெட்டியைச் சோதிச்சு விடுறது யாரு?"

"நம்ம கம்பெனிதான் சார்! போன வருசந்தான் ஒப்பந்தம் கெடச்சிது. அம்புட்டும் பச்சை ஆளுதான்."



"கார்லயே போயிரு."

"போயிரலாம் சார். ஆத்துப் பாலம் ஒண்ணுதான் தாண்டணும். அதுக்கும் நம்ம ஆளுதான் கையெழுத்து."

கார்க் கதவு திறந்தது. பரந்தாமன் இறங்கி, கொதிக்கும் ஓடுதளத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். நிழல் என்று இருந்தது அந்த இறக்கைக்குக் கீழே மட்டும்தான். அதை நோக்கி மெல்ல நடந்து வந்தார்.

யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.