மாடியிலிருந்து கையசைத்தவள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரி மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். மாடிப்படியின் அடியில் அந்த வீட்டு மருமகள் தலைகுப்புறக் கிடந்தாள். கவிழ்ந்த வாளியும் ஈரத் துணிகளும் அவளைச் சுற்றிக் கிடந்தன. அலறியவள் அவளுடைய நாத்தனார். விழுந்தவளால் அலற முடியாது. அவளுக்குப் பிறவியிலேயே காதும் கேட்காது, பேச்சும் வராது.

கால் மணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. இறங்கிய இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் ‘நறுக்கு அம்மா’ என்று ஒரு பெயர் உண்டு. இரண்டே வார்த்தையில் கேட்பார், பதிலும் இரண்டே வார்த்தையில் வர வேண்டும். தன் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும். தெரியாதது போல் இருந்துவிடுவார்.

வீட்டைப் பார்த்ததும் டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது.

“இந்த வீட்டம்மாவா மேடம்? ரோந்து போனப்ப மாடியில நின்னு ரெண்டு கையையும் ஆட்டினாங்களே!”

“எப்ப?”

“ஒன்பதரை இருக்கும். நானும் பதிலுக்கு ஆட்டிட்டுப் போனேன். நல்லாத்தான் இருந்தாங்க, பாவம்.”

இன்ஸ்பெக்டர் வாசல் மணியை அழுத்தினார். சத்தம் வரவில்லை. உள்ளே கூடத்துச் சுவரில் ஒரு சிவப்பு பல்பு பளிச்சென்று எரிந்தது. காது கேளாதவள் கண்ணால் கேட்கிற மணி.

பல்புக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று, பல்பு எரிந்ததைப் பார்த்துப் பாதி எழுந்தபடி நின்றது. காலில் கறுப்பு ஷூ, நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஏதோ கேட்க வாயெடுத்தது. அதற்குள் தையல்காரி அதை அள்ளித் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள். அழுகை நிஜமான அழுகைதான். இத்தனை வருட சர்வீஸில் நடிப்புக் கண்ணீர் எது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.

“என்ன நடந்தது?”

“துணி காயப்போட மேல போனா மேடம். இறங்கும்போது கால் வழுக்கிருச்சு. நான் சமையல்கட்டுல இருந்தேன். கூப்பிட்டாலும் கேட்காதே அவளுக்கு!”

“புருஷன் எங்க?”

“என் தம்பி விடிகாலையிலேயே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டான். ஞாயித்துக்கிழமையும் வேலை. மேஸ்திரிகிட்ட கேளுங்க.”

கேட்டார்கள். மேஸ்திரியும் சொன்னார், கூட வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். தம்பி அங்கிருந்து நகரவே இல்லை.

இன்ஸ்பெக்டர் உடலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நெற்றி பிளந்திருந்தது, மூக்கு உடைந்திருந்தது. படிகள் வெறும் சிமெண்ட், சொரசொரப்பானவை. அவள் கைகளை மெல்லத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கைகள் இரண்டும் கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தன. இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாக ஒரு பட்டை.

“இது என்ன?”

“வளையல் அழுத்தின தடம் மேடம். நேத்துதான் கழட்டி வெச்சா.”

துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாமே சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ஒரே ஒரு துண்டு மட்டும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, உள்மடிப்பில் ஈரம் படாமல் கிடந்தது. அதைத் தனியாக ஒரு பையில் போடச் சொன்னார். மாடிக்குப் போனார். கொடியில் ஒரு துணிகூட இல்லை.

தையல்காரியிடம் கேட்டபோது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “புருஷன் அடிப்பான் மேடம். சுவத்துல மோதற சத்தம் எங்க வீட்டுக்கே கேட்கும். அவ ஸ்டேஷனுக்கு வந்தாளே, ஆஸ்பத்திரிக்குப் போனாளே, குழந்தைகள் நல ஆபீஸ்ல இருந்து வீடு தேடிகூட வந்தாங்களே! யாரும் ஒண்ணும் பண்ணலையேன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“குழந்தை ஏன் ஷூ போட்டிருக்கு? இன்னைக்கு லீவாச்சே.”

“போன மாசத்துல இருந்து அப்படித்தான். எழுந்ததும் ஷூ மாட்டிவிட்டுடுவா. ராத்திரி படுக்கும்போதுதான் கழட்டுவா. ஏன்னு சைகையில கேட்டேன். வாசலைக் காட்டினா. எனக்கு ஒண்ணும் புரியல.”

இன்ஸ்பெக்டருக்கும் அப்போது புரியவில்லை.

மதியம் குழந்தைகள் நல அலுவலர் ஸ்டேஷனுக்கு வந்தார். நல்ல மனிதர். கையில் எத்தனையோ கேஸ், கூட உதவிக்கு ஒரு ஆள் கிடையாது. தாய் செத்துவிட்டாள், தகப்பன் வேலைக்குப் போகிறவன், குழந்தையை அத்தையிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார்.

“பாசமான அத்தை மேடம். சைகை பாஷையெல்லாம் கத்துக்கிட்டிருக்காங்க. போன தடவை நாங்க வீட்டுக்குப் போனப்ப அந்தம்மா சொன்னதையெல்லாம் இவங்கதான் எங்களுக்குச் சொன்னாங்க.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “ஆஸ்பத்திரியில யார் சொன்னது?”

“அங்கேயும் இவங்கதான்னு நினைக்கிறேன்.”

“இங்க?”

மூலையில் உட்கார்ந்திருந்த ஏட்டய்யா எழுந்து நின்றார். “போன மாசம் அந்தப் பொண்ணு இங்க வந்தப்ப நாத்தனார்தான் கூட வந்தாங்க மேடம். சின்னச் சண்டை, கோவத்துல ஓடி வந்துட்டா, வீட்டுக்குப் போகணும்ங்கிறான்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணும் தலையாட்டிச்சு. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவெச்சேன். இந்தக் காலத்துல இப்படி ஒரு நாத்தனாரான்னு வீட்டுலகூடச் சொன்னேன்.”

மூன்று இடங்கள். மூன்று இடத்திலும் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். பதில் சொன்ன வாய் மட்டும் ஒன்று.

“சாயங்காலம் வரைக்கும் குழந்தை எங்கேயும் போகாது,” என்றார் இன்ஸ்பெக்டர். “அவ வந்த அன்னைக்கு ஸ்டேஷன் கேமராவுல பதிவானது இருக்கா?”

“இருக்கு மேடம்,” என்றார் ஏட்டய்யா. “போட்டுப் பார்த்துட்டேன். நான் சொன்ன மாதிரியேதான் கேட்குது.”

“கேட்க வேண்டாம். பார்க்கணும்.”

அலுவலர் தயங்கினார். “குழந்தைக்கே சைகை தெரியுமே மேடம். கூப்பிட்டுக் காட்டினா சட்டுனு...”

“அது பார்த்தவரைக்கும் போதும்.”

காது கேளாதோர் பள்ளி ஆசிரியை மூன்று மணிக்கு வந்துவிட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் பள்ளியும் அவர் வீடும். அவருடைய தொலைபேசி எண் ஸ்டேஷன் சுவரில், நோட்டீசுகளுக்கு நடுவில், எப்போதோ ஒட்டிய சீட்டில் இருந்தது. அன்று வரை அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை ஓட்டினார்கள். ஏட்டய்யாவின் மேசைக்கு எதிரே அந்தப் பெண். கைகள் வேகவேகமாக அசைந்தன. ஆசிரியை ஒரு வரி ஒரு வரியாகச் சொன்னார்.

“என் கழுத்தை நெரிச்சார். பிள்ளை பார்த்துக்கிட்டிருந்தா. அடுத்த தடவை நான் செத்துடுவேன். எங்க ரெண்டு பேரையும் இங்கேயே வெச்சுக்கங்க. ஒரு மூலை போதும்.”

படத்தில் ஏட்டய்யா நாத்தனாரைப் பார்த்து ஏதோ கேட்டார். ‘வீட்டுக்குப் போகச் சம்மதமா?’ என்று தான் கேட்டதை ஏட்டய்யாவே இப்போது முணுமுணுத்தார். நாத்தனாரின் கைகள் அசைந்தன. ஆசிரியை அதையும் சொன்னார்.

“இன்னைக்கு இடம் இல்லையாம். போலீஸே வண்டி எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வருவாங்களாம். பிள்ளையைத் தயாரா வெச்சிருக்கச் சொல்றாங்க.”

அந்தப் பெண் தலையாட்டினாள். மேசையைத் தாண்டி ஏட்டய்யாவைப் பார்த்து, விரல்களை மோவாயில் வைத்து முன்னால் நீட்டினாள். படத்திலிருந்த ஏட்டய்யா சிரித்தபடி தலையசைத்தார்.

“அது நன்றி,” என்றார் ஆசிரியை.

ஏட்டய்யா முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. தேற்றுகிற நிலையில் அங்கு யாரும் இல்லை.

ஐந்து மணிக்கு அக்காவையும் தம்பியையும் எதிரே உட்காரவைத்தார் இன்ஸ்பெக்டர். வழக்கத்துக்கு மாறாக அன்று அவரே பேசினார்.

“துணி காயப்போடப் போனவ ஈரத்துணியோடயே ஏன் இறங்கி வரணும்? கொடி காலியா இருந்துச்சு. வாளியை அப்புறமா கவிழ்த்திருக்காங்க. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் அவ கை.”

நாத்தனார் தன் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“படியில விழற யாரும் கையை ஊன்றாம விழமாட்டாங்க. அது தானா வரும். சொரசொரப்புப் படி, ஒரு சிராய்ப்பாவது இருக்கணும். அவ முகம் உடைஞ்சிருக்கு, உள்ளங்கையில ஒரு கீறல் இல்ல. ஏன்? விழும்போது கை ரெண்டும் பின்னால கட்டியிருந்தது. கட்டின துண்டு நீங்க வாளித் துணியோட போட்ட துண்டு. உள்மடிப்பு நனையக்கூட இல்ல. ஒன்பதரைக்கு எங்க டிரைவர் பார்த்தப்ப அவ கை அவிழ்ந்துதான் இருந்தது. அப்ப வீட்டுல இருந்த பெரியவங்க நீங்க ஒருத்தர்தான்.”

“நான் தள்ளல மேடம்,” என்றாள் நாத்தனார். “சத்தியமா தள்ளல. மாடியில குழந்தையோட நின்னா. ஜீப்பைப் பார்த்ததும் பைத்தியம் பிடிச்ச மாதிரி கையை ஆட்டினா. தெருவே பார்க்குது, மானம் போகுது. குழந்தையைக் கீழ விரட்டிட்டு அவ கையைக் கட்டினேன். தம்பி வர்ற வரைக்கும்னுதான் கட்டினேன். திமிறிக்கிட்டு ஜீப்பைப் பிடிக்க ஓடினா...”

“மத்தவங்க வாயைத்தான் பொத்துவாங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “அவளுக்கு வாயே அந்தக் கைதான். அதை நீங்க இன்னைக்குக் கட்டல. எங்க முன்னாடி, ஆஸ்பத்திரியில, ஆபீஸ்ல, எப்பவோ கட்டிட்டீங்க. நாங்களும் கூட நின்னு முடிச்சுப் போட்டிருக்கோம்.”

தம்பி எழுந்து போகப் பார்த்தான். ஏட்டய்யா அவன் தோளில் கை வைத்து அழுத்தினார். “உட்காருடா. கழுத்தை நெரிச்ச கதையை இனிமேத்தான் கேட்கப்போறோம்.”

குழந்தைகள் நல அலுவலர் அத்தையின் பெயர் எழுதியிருந்த தாளை இரண்டாகக் கிழித்தார். குழந்தையை அன்றிரவு தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக ஆசிரியை சொன்னார்.

வெளியே டிரைவர் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்துவிட்டது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தும் சல்யூட் வைக்கவில்லை.

குழந்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து யார் சொல்லியும் ஷூவைக் கழற்ற விடவில்லையாம். இன்ஸ்பெக்டர் அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து நாடாவில் கை வைத்தார். இந்தமுறை குழந்தை காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“வண்டியில வர்றேன்னு சொன்ன போலீஸ் நீங்கதானா?”

“ஆமாம்மா.”

“அம்மா மாடியில இருந்து கையைக் காட்டினாங்களே, பார்த்தீங்களா?”

“பார்த்தோம்.”

“அப்புறம் ஏன் நிக்காம போயிட்டீங்க?”

எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டே கலங்கவைத்தவர் இன்ஸ்பெக்டர். பதிலுக்காக அந்தக் குழந்தை அவர் வாயைப் பார்க்கவில்லை. பழக்கப்படி அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவை நாடாவின் முடிச்சிலேயே நின்றிருந்தன.